சகாயமேரிக்கு நான்கு அடி

ஆரோக்கியராஜ் தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் மைக்கைப் பிடித்துப் பேசினார். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அந்தப் பேச்சுதான் தொடக்கம் என்று ஆணையத்தின் ஆண்டறிக்கையே நன்றியோடு குறிப்பிடுகிறது.

மரக்காணத்து உப்பளங்களுக்கு மேற்கே இருக்கிற ஓடைமேடு அவருடைய ஊர். முக்கால் ஏக்கர் நிலமும் அதன் மூலையில் ஒரு கிணறும் அவருக்குச் சொந்தம். கூப்பிடு தூரத்தில் உப்பு விளைகிற பூமியில் அந்தக் கிணற்றுத் தண்ணீர் இனித்தது. ஏன் இனிக்கிறது என்று அவருக்குத் தெரியாது. யாரும் கேட்டதும் இல்லை. மழைக்காலத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை போடுவார். கோடையில் அவரும் மனைவி சகாயமேரியும் உப்பளத்துக்குக் கூலிக்குப் போவார்கள். போகும்போது சகாயமேரி தலையில் ஒரு குடமும் இடுப்பில் ஒரு குடமுமாகத் தண்ணீர் கொண்டு போவாள். அவளோடு உப்பு வாருகிற அத்தனை பேருக்கும் பகல் முழுக்க அதுதான் குடிதண்ணீர். "மேரி தண்ணி" என்றே அதற்குப் பெயர்.

கிழக்குப் பக்கம் அர்ச்சுனன் என்பவர் இறால் பண்ணை வைத்தார். பெரிய பெரிய குட்டைகளை வெட்டி, கழுவெளிச் சதுப்பு ஏரியிலிருந்து உப்புத் தண்ணீரை மோட்டார் வைத்து ஏற்றினார். முதலில் பண்ணையை ஒட்டியிருந்த கிணறுகள் கரித்தன. பிறகு அதற்கு அடுத்தவை. கரிப்பு ஒரு ஆள் நடந்து வருவதைப் போல மேற்கே வந்துகொண்டிருந்தது.

கிராம சபைக் கூட்டத்தில் யாரும் வாயைத் திறக்கவில்லை. சகாயமேரி பின்னாலிருந்து கணவரின் முதுகைத் தள்ளினாள். ஆரோக்கியராஜ் எழுந்து போய் மைக்கைப் பிடித்தார்.

"எங்க கெணத்துல தண்ணி நல்லாருக்குதுங்க. அது கெட்டுப்போவறதுக்குள்ள ஒரு ரூல் போட்டுக் காப்பாத்திக் குடுங்க. எந்த நெலத்துல குட்டை வெட்டலாம், எந்த நெலத்துல வெட்டக் கூடாதுன்னு கவுருமெண்டே சொல்லிட்டா யாருக்கும் சண்ட இல்ல."

எல்லோரும் கை தட்டினார்கள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சகாயமேரி சிரித்துக்கொண்டே வந்தாள். "ரேடியோவுல பேசற மாதிரி இருந்துச்சு" என்றாள்.

மனு மேலே போயிற்று. அடுத்த ஆண்டு கடலோர நிலத்தடி நீர்க் காப்பு ஆணையம் ஓடைமேட்டுக்கு வந்தது.

ஆணையத்தின் மண்டல அலுவலர் சரவணகுமார் மிகவும் நல்ல மனிதர். யாரையும் "ஐயா" என்றுதான் அழைப்பார். வெயிலில் நிற்கும் கிழவர்களுக்கு நாற்காலி போடச் சொல்லுவார். தொடக்க விழாவில் மேடையிலிருந்த ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது. உள்ளூர்த் தண்ணீரைத் தொட்டுவிடக் கூடாது என்பதில் ஆணையம் முதல் நாளிலிருந்தே கவனமாக இருந்தது.

சரவணகுமார் பேசினார்.

"இந்த ஊருக்கு அடியில் நல்ல தண்ணீர் இருக்கிறது என்பது ஐயா ஆரோக்கியராஜ் சொல்லும்வரை எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இத்தனை வருடம் சும்மா விட்டு வைத்திருப்போமா? நிலத்தடி நீருக்கு இரண்டு எதிரிகள். ஒருவர், அதை எடுப்பவர். இன்னொருவர், அதைக் குடிப்பவர். பெரும்பாலும் இருவரும் ஒரே ஆளாக இருப்பதால் எங்கள் வேலை பாதியாகக் குறைகிறது."

பிறகு ஒரு பெரிய வரைபடத்தை விரித்தார்கள். ஊர் முழுக்க நீலமாக இருந்தது. நீலம் என்றால் மையப் பகுதி. மையப் பகுதியில் புதுக் கிணறு வெட்டக் கூடாது. பழைய கிணற்றில் இறைக்கக் கூடாது. மாடு கட்டக் கூடாது. எருக்குழி கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் இரண்டு அடிக்கு மேல் மண்ணைத் தோண்டக் கூடாது. கிழக்கு ஓரத்தில் ஒரு பகுதி மட்டும் வெள்ளையாக இருந்தது.

ஆரோக்கியராஜ் தயங்கித் தயங்கி எழுந்தார். "சார், அர்ச்சுனன் பண்ண மட்டும் வெள்ளையா இருக்குதுங்களே?"

"அங்க தண்ணி ஏற்கெனவே கெட்டுப்போச்சு ஐயா. கெட்டுப்போனதப் பாதுகாக்க விதியில எடமில்ல. நல்ல தண்ணி இருக்கற நெலத்துக்குத்தான் கட்டுப்பாடு."

"அங்கருந்துதாங்க சார் இங்க வருது."

"வரட்டும். வந்து சேந்த அன்னைக்கே அந்த எடத்தையும் வெள்ளையாக்கிடுவோம். எங்க மேப்பு அப்பப்ப திருத்தற மேப்பு."

அர்ச்சுனனுக்கு மேடையில் சால்வை போர்த்தினார்கள். அவருடைய குட்டைகளிலிருந்து இரவும் பகலும் தண்ணீர் மண்ணுக்குள் இறங்குவதால் அவை நீர்ச்செறிவு அமைப்புகள் என்ற பிரிவில் வந்தன. எந்தத் தண்ணீர் இறங்குகிறது என்று எழுதுவதற்கு அந்தப் பிரிவில் இடம் இல்லை.

ஊர் எல்லையில், 'இது காப்பு மண்டலம், இரண்டு அடிக்கு மேல் தோண்டாதீர்' என்று எழுதிய வளைவு வைத்தார்கள். அதன் தூண்களுக்கு ஜேசிபி கொண்டு ஆறு அடி தோண்டினார்கள். ஆரோக்கியராஜின் நண்பர் குழந்தைசாமி இதைப் பார்த்துவிட்டு, "ஏம்பா, இது மட்டும் தோண்டலாமா?" என்று டிரைவரைக் கேட்டார். விதியை அறிவிக்கிற பலகைக்கு விதி பொருந்தாது என்று டிரைவருக்கே சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

அடுத்த வாரம் சரவணகுமார் ஆட்களோடு ஆரோக்கியராஜின் கிணற்றை மூட வந்தார்.

சகாயமேரி கிணற்று மேட்டில் நின்றுகொண்டாள். சத்தம் போடவில்லை. "சார், மனு குடுத்தது நாங்கதான சார்?" என்றாள்.

"ஆமாம்மா. அதனாலதான் உங்க கெணத்துலருந்து ஆரம்பிக்கறோம். மரியாதைக்காக."

"காலைல ரெண்டே ரெண்டு கொடம் சார். உப்பளத்துக்கு. அதுக்கு மட்டும் உட்டுடுங்க."

சரவணகுமாருக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. "இப்படி ஒவ்வொருத்தரும் ரெண்டு கொடம், ரெண்டு கொடம்னு குடிச்சா அப்புறம் தண்ணிய யாருக்காகம்மா காப்பாத்தறது?" என்றார். அவள் மேட்டிலிருந்து இறங்கினாள்.

கான்கிரீட் மூடி இறங்கியது. மேலே பளிங்குக் கல்லில் ஆணையத்தின் பெயர். மூடியில் விட்ட ஒரு துளை வழியாக, ஐயப்பன் என்கிற அளவுப் பணியாளர் மாதா மாதம் நாடாவை இறக்கி நீர்மட்டம் பார்த்துப் போவார். ஐயப்பன் பெருமுக்கல் பக்கத்து ஆள். அளக்கும்போது ஆரோக்கியராஜின் முகத்தைப் பார்க்க மாட்டார்.

குடிக்க லாரித் தண்ணீர் வந்தது. ஊரே உப்பளத்துக்குப் போன பிறகு வரும், ஊர் திரும்புவதற்குள் போய்விடும். வீட்டில் தங்கியிருக்கிற கிழடுகள் பிடித்து வைத்ததுதான். சகாயமேரியின் வீட்டில் அப்படி யாரும் இல்லை. மகள் சகாயசெல்வி பெருமுக்கல் பக்கம் வாழ்க்கைப்பட்டு, அங்கிருந்து ஆரோவில்லில் ஒரு விருந்தினர் விடுதிக்கு வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கினால் உப்பளத்துக்கு ஒரு பாட்டில் தேறும். அந்தப் பாட்டிலையும் சகாயமேரி தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. இத்தனை காலம் அவள் குடத்திலிருந்து குடித்தவர்கள் பக்கத்தில் நாக்கு வறண்டு நிற்கும்போது தான் மட்டும் குடிக்க அவளுக்கு வரவில்லை. ஆளுக்கு ஒரு வாய் கொடுத்துவிட்டுக் கடைசியில் பாட்டிலைக் கவிழ்த்துக் காட்டுவாள்.

மே மாதத்தில் ஒரு நாள், உச்சி வெயிலில், உப்பு வாரிக்கொண்டிருந்தவள் பலகையோடு பாத்திக்குள் உட்கார்ந்தாள். களைப்பாறுகிறாள் என்று நினைத்தார்கள். குழந்தைசாமிதான் முதலில் ஓடினார். ஆரோக்கியராஜ் அடுத்த பாத்தியிலிருந்து வந்து அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டார். அவள் உதடெல்லாம் உப்பு. துடைத்துவிடலாமென்றால் துடைக்கிற கையிலும் உப்பு. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர் மின்னிக்கொண்டிருந்தது. "தண்ணி, தண்ணி" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். யாரிடமும் இல்லை.

புதுச்சேரிக்குப் போகிற வழியிலேயே ஆம்புலன்ஸில் உயிர் போய்விட்டது. உடம்பில் நீர் வற்றிவிட்டது என்று டாக்டர் சொன்னார்.

சகாயசெல்வி ஸ்கூட்டியில் வந்து இறங்கியபோது அம்மா ஐஸ் பெட்டிக்குள் இருந்தாள். கண்ணாடிக்கு உள்பக்கம் பனித்துளி பிடித்திருந்தது. செல்வி அதை வெளியிலிருந்து துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். முகம் தெரியவில்லை.

மறுநாள் காலையில் குழி வெட்டப் போன ஆட்கள் திரும்பி வந்தார்கள். கல்லறைத் தோட்டம் நீலத்துக்குள் இருக்கிறதாம். இரண்டு அடிக்கு மேல் தோண்டினால் மண்வெட்டியைப் பறிமுதல் செய்வோம் என்று ஆணையத்தின் காவலாள் சொல்லிவிட்டானாம்.

அப்பாவும் மகளும் ஆணையத்தின் அலுவலகத்துக்குப் போனார்கள். சரவணகுமார் எழுந்து நின்று கைகூப்பினார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. இருவருக்கும் நாற்காலி போடச் சொன்னார். பிறகு கணினி முன்னால் உட்கார்ந்தார்.

"என்ன நோக்கத்துக்காகத் தோண்டறீங்க ஐயா?"

ஆரோக்கியராஜுக்குக் கேள்வி புரியவில்லை. செல்விதான் சொன்னாள். "எங்கம்மாவப் பொதைக்கறதுக்கு சார்."

"அது தெரியும்மா. ஆனா இதுல கட்டடம், வெவசாயம், கொழாய் பதிக்கறது, இந்த மூணுதான் இருக்குது." கொஞ்சம் யோசித்தார். "பொதைக்கறது நிரந்தரமா, தற்காலிகமா?"

செல்வி அவரையே பார்த்தாள்.

"கோச்சுக்காதம்மா. நிரந்தரம்னா தலைமை ஆபீசு போவணும். தற்காலிகம்னா நானே குடுக்கலாம். உங்க நல்லதுக்குத்தான் கேக்கறேன்."

"எங்க வேதத்துல கடைசி நாள்ல எல்லாரும் எழுந்திருப்பாங்கன்னு இருக்குதுங்க" என்றார் ஆரோக்கியராஜ் மெல்லிய குரலில். உதவியாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார்.

சரவணகுமார் முகம் தெளிந்தது. "அப்ப தற்காலிகம்" என்று பதிந்தார்.

அதோடு முடியவில்லை. இரண்டு அடியிலேயே புதைத்து மேலே மேடை கட்டிக்கொள்ளலாமே என்றார். நாய் தோண்டிவிடும் என்றாள் செல்வி. அதற்கு நாய்களைக் கட்டுப்படுத்தும் துறை வேறு என்றார். எரித்துவிட்டால் ஆணையத்துக்கு வேலையே இல்லை என்றார். தன் மாமியார் ஊருக்கே கொண்டுபோய்விடலாம் என்று செல்வி சொன்னபோது ஆரோக்கியராஜ் தலையை ஆட்டி மறுத்தார். "அவ அப்பா அம்மால்லாம் இங்கதான் இருக்காங்க. அவங்களோட இருக்கட்டும்." கடைசியில் நான்கு அடிக்கு அனுமதி கிடைத்தது. ஐயப்பன் நேரில் வந்து ஆழத்தை அளப்பார். தோண்டிய மண்ணை அதே குழியில் திரும்பப் போட வேண்டும்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு ஐயா. இது வழக்கமான உறுதிமொழிதான்." சரவணகுமார் தாளை அவர் பக்கம் திருப்பினார். மேலே இருந்ததைத் தானே படித்துக் காட்டினார். "மேற்படி பள்ளத்தில் இறக்கப்படும் பொருள் நிலத்தடி நீரை எவ்விதத்திலும் மாசுபடுத்தாது என உறுதி கூறுகிறேன்."

செல்வி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "பொருளா? யார் சார் பொருள்? எங்கம்மா இந்த ஊருக்கே தண்ணி குடுத்தவ சார்! அவ தண்ணியக் கெடுத்துடுவாளா? கெடுத்தவனுக்கு சால்வ போத்தினீங்க, செத்தவகிட்ட கையெழுத்து கேக்கறீங்க!"

"அவங்ககிட்ட கேக்கலம்மா. அவங்களுக்காக ஐயாதான் போடறாரு" என்றார் சரவணகுமார் பொறுமையாக.

ஆரோக்கியராஜ் பேனாவை வாங்கினார். வீட்டில் ஐஸ் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. கரண்டு போய்ப் போய் வந்தது. சகாயமேரி தண்ணீரைக் கெடுக்க மாட்டாள் என்று எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். போட்ட பிறகு வெகுநேரம் அந்தத் தாளின் மேலேயே கையை வைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பிற்பகல் குழி வெட்டினார்கள். குழந்தைசாமியும் இன்னும் மூன்று உப்பளத்து ஆட்களும். ஃபாதர் ஜெபப் புத்தகத்தோடு நின்றிருந்தார். ஐயப்பன் நாடாவோடு ஒதுங்கி நின்றார். இடுப்பளவுகூட ஆகவில்லை. குழந்தைசாமியின் மண்வெட்டி 'சளக்' என்றது. அடியிலிருந்து தண்ணீர் ஊறிக்கொண்டு வந்தது. அவர் கையால் தொட்டு நாக்கில் வைத்தார். துப்பினார். என்ன தண்ணீர் என்று யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எல்லோருமே உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள்.

நான்கு அடி முடிந்தபோது குழியில் முழங்கால் வரை தண்ணீர் நின்றது.

"எறச்சிடலாம்" என்றார் குழந்தைசாமி. பக்கெட் கொண்டுவந்து நான்கு பேரும் இறைக்க ஆரம்பித்தார்கள். ஐயப்பன் நெளிந்தார். பிறகு அலுவலகத்துக்குப் போன் செய்தார். போனில் சரவணகுமாரின் குரல் வெளியே நிற்கிறவர்களுக்கும் கேட்டது.

"என்னது, ரெண்டரை அடியிலயா? நல்லாப் பாத்தியா ஐயப்பா? போன வருசம் அந்தப் பக்கம் பன்னெண்டு அடிப்பா! அடடா, அடடா. போட்டோ எடு. நாடாவோட சேத்து எடு." கொஞ்சம் இடைவெளி விட்டு, "குடும்பத்துக்கு என்னோட ஆழ்ந்த வருத்தத்த சொல்லு" என்றார்.

"எறைக்கறாங்க சார்."

"ஐயையோ, எறைக்கக் கூடாதுப்பா. மையப் பகுதியில நீர் எடுப்பு குத்தம். அதில்லாம ரீடிங் மாறிடும்."

ஐயப்பன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். யாரையும் பார்க்காமல், "நான் ஒண்ணும் பாக்கலங்க, நீங்க எறச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு, கல்லறைத் தோட்டத்தின் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அன்று ஆணையத்தின் சார்பில் நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான். அது எந்த அறிக்கையிலும் வரவில்லை.

இறைத்தார்கள். இறைக்க இறைக்க ஊறியது. ஃபாதர் பொழுது சாய்வதைப் பார்த்தார். கடைசியில் பெட்டியை இறக்கினார்கள். கயிற்றை உருவியதும் பெட்டி மெல்ல எழுந்து ஒரு பக்கமாகத் திரும்பியது. மிதந்தது.

பெண்கள் பக்கமிருந்து ஒரு கேவல் எழுந்தது. செல்வி முகத்தை மூடிக்கொண்டாள். அவசரத்தில் மண்ணை அள்ளிப் போட்டார்கள். மண் பெட்டியின் மேலிருந்து வழுக்கித் தண்ணீரில் கரைந்தது. பெட்டி அசைந்துகொண்டே இருந்தது.

ஆரோக்கியராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினார். பெட்டியின் மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்தினார். "போடுங்கடா" என்றார். அவர் கையைச் சுற்றி, தோளில், மார்பில் எல்லாம் மண் விழுந்தது. "படுத்துக்கம்மா" என்று பெட்டியைப் பார்த்துச் சொன்னார். "கொஞ்ச நேரம்தான். படுத்துக்க." மண் போதுமான கனத்துக்கு வந்து, பெட்டி நின்றுவிட்டது என்று தெரிந்த பிறகும் அவர் கையை எடுக்கவில்லை. குழந்தைசாமிதான் அவரைக் கக்கத்தில் கை கொடுத்து மேலே தூக்கினார்.

அந்த ஆண்டின் சிறந்த காப்பு மண்டலமாக ஓடைமேடு தேர்வாயிற்று. பள்ளிக்கூட மைதானத்தில் விழா. மேடைக்குப் பின்னால் பெரிய திரையில், நீர்மட்டம் ஏறுவதைக் காட்டும் கோடு ஒன்று கிடுகிடுவென்று மேலே போயிற்று. கோட்டின் உச்சியில் 'கல்லறைப் புள்ளி' என்று எழுதியிருந்தது.

சிறப்பு விருந்தினர் உணர்ச்சிவசப்பட்டுப் பேசினார். "பன்னிரண்டு அடியிலிருந்து இரண்டரை அடி! மக்கள் குடிப்பதை நிறுத்திய ஒரே ஆண்டில் இந்தச் சாதனை. முழுமையாக நிறுத்தினால் எவ்வளவு உயரும் என்று எண்ணிப் பாருங்கள். இந்த அளவீட்டுக்காகத் தங்கள் வீட்டுத் துக்கத்தையே அர்ப்பணித்த குடும்பம் இங்கே வந்திருக்கிறது."

ஆரோக்கியராஜை மேடைக்கு அழைத்துச் சால்வை போர்த்தினார்கள். அவர் மைக்கைப் பார்த்ததும் இரண்டடி பின்வாங்கினார். கீழேயிருந்து செல்விதான் எழுந்தாள்.

"அது உப்புத் தண்ணிங்க. ஏறினது பூரா அர்ச்சுனன் குட்டைத் தண்ணி."

சரவணகுமார் பதற்றப்படவில்லை. "நல்ல கேள்வி. மட்டம் பாக்கறது நாங்க. ருசி பாக்கறது வேற பிரிவும்மா. அவங்களுக்கு எழுதியிருக்கோம்" என்றார். கை தட்டினார்கள்.

ருசிப் பிரிவு மழைக்குப் பிறகு வந்தது. கிணற்றிலும் கல்லறைப் புள்ளியிலும் மற்ற இடங்களிலும் எடுத்துப் பார்த்தார்கள். எல்லாம் உப்பு. வரைபடத்தில் நீலம் ஒரேயடியாக அழிந்து ஊர் முழுக்க வெள்ளையாயிற்று. பாதுகாக்க வேண்டியது எதுவும் மீதமில்லாததால் மண்டலத்தின் நோக்கம் நிறைவேறியது என்று அறிவித்து ஆணையம் தன் பலகைகளைக் கழற்றிக்கொண்டது. கல்லறைத் தோட்டத்துக்கு மேற்கே அர்ச்சுனன் புதுக் குட்டைக்கு அளந்து கல் நட்டார். வெள்ளையில் எதற்கும் தடை இல்லை.

போவதற்கு முன்னால் சரவணகுமார் ஆரோக்கியராஜ் வீட்டுக்கே வந்தார். ஆட்களை விட்டுக் கிணற்று மூடியை உடைக்கச் சொன்னார். தண்ணீர் கை எட்டும் தூரத்தில் நின்றது.

"இனிமே உங்க கெணத்துல தாராளமா எறச்சுக்கலாம் ஐயா. யாரும் கேக்க மாட்டாங்க."

ஆரோக்கியராஜ் கிணற்றை எட்டிப் பார்க்கவில்லை. "தோண்டலாங்களா சார்?" என்று மட்டும் கேட்டார்.

"எவ்ளோ ஆழம் வேணும்னாலும் தோண்டுங்க."

"அவள எடுத்துடலாம்னு பாக்கறேன். தண்ணிலயே கெடக்கறா."

சரவணகுமார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தங்கள் பக்கம் ஆட்சேபணை இல்லை என்றார். தற்காலிகம் என்று தான் பதிந்தது இப்போது எவ்வளவு வசதியாகப் போயிற்று பாருங்கள் என்றும் சொன்னார். அவர் ஜீப்பில் ஏறும்போது செல்வி கேட்டாள். "இனிமே எந்த ஊருக்கு சார்?"

"தெரியலம்மா. எங்கயாவது நல்ல தண்ணி இருக்குதுன்னு மனு வந்தா அங்க அனுப்புவாங்க."

தாசில்தாரிடமும் ஃபாதரிடமும் சம்மதம் வாங்கிக்கொண்டு, ஒரு விடியற்காலையில் சகாயமேரியை எடுத்தார்கள். பெட்டி உளுத்திருந்தது. புதுப் பெட்டியில் வைத்து, மினி லாரியில் ஏற்றி, பெருமுக்கல் பக்கம் செல்வி வாழ்க்கைப்பட்ட ஊருக்குக் கொண்டுபோனார்கள். வழி முழுக்க ஆரோக்கியராஜ் பெட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்து அதன் மேல் கையை வைத்திருந்தார். அது அசையவில்லை. இருந்தாலும் வைத்திருந்தார். அவளுடைய அப்பாவையும் அம்மாவையும் உப்புத் தண்ணீரில் விட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டியிருந்தது. அவர்களை எடுக்கலாமென்றால், எந்த இடம் என்று இப்போது யாருக்கும் தெரியவில்லை.

அங்கே மேட்டுப் பூமி. செம்மண்ணும் சரளையும். கடப்பாரை போட்டுத்தான் வெட்ட முடிந்தது. ஆறு அடி வெட்டினார்கள். யாரும் நாடா பிடிக்கவில்லை. ஆரோக்கியராஜ் குழிக்குள் இறங்கித் தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். மண்ணைப் பிடி அள்ளி விரல் வழியாக விட்டார். அது பொலபொலவென்று உதிர்ந்தது. மேலே பார்த்துத் தலையாட்டினார். பெட்டியை இறக்கினார்கள். இறக்கிய இடத்தில் அது இருந்தது.

எல்லாம் முடிந்து ஆட்கள் போன பிறகு, அவர் செல்வி வீட்டு வாசலில் உட்கார்ந்தார். அன்றுதான் முதல் முறையாக அழுதார். சத்தமில்லாமல், வெகுநேரம். செல்வி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பிறகு எழுந்துபோய், பின்பக்கத்து அடிபம்பில் ஒரு சொம்பு தண்ணீர் அடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

அவர் ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். இன்னொரு வாய் குடித்துக் கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்து விழுங்கினார்.

"நல்லாருக்குதே" என்றார்.

"ஆமாப்பா. இந்த ஊர்ல எங்க அடிச்சாலும் இப்படித்தான் இருக்குது."

அவர் சொம்பைக் கீழே வைத்தார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். யாரும் இல்லை. இருந்தாலும் மகளின் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வெளிய யார்கிட்டயும் சொல்லிட்டிருக்காதம்மா."